வேணும் என்று வாயால் சொல்லாதவர்

தினமும் காலையில் வேலைக்குப் போனவுடன் நான் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். மலேசியாவில் பகாவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தாதி வேலை; எல்லாரும் என்னை மிஸ்ஸி என்பார்கள். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் அங்கே அதற்குப் பதிலாகத் தரும் மெத்தடோன் மருந்தைக் குடிக்க வருவார்கள். மருந்தாளர் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் அதை ஊற்றிக் கொடுப்பார். கப்புக்குப் போகும் முன் என் மேசைக்கு வர வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பேன். பிறகு ஒரு வெள்ளை அட்டையை முன்னால் வைப்பேன். அதில் ஒரு நீளக் கோடு, இடது முனையில் பூஜ்யம், வலது முனையில் பத்து. நேற்றிலிருந்து இன்று வரை அந்த ஹெராயின் பவுடர் மேல் எவ்வளவு ஏக்கம் வந்தது, விரலை வைத்துக் காட்டுங்கள் என்பேன். மலாயில் அந்த ஏக்கத்துக்கு 'கியான்' என்று பெயர். இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும்.

உண்மையைச் சொன்னால் எனக்கே அந்தக் கேள்வி பிடிக்காது. காலங்காத்தால என்னை ஒருத்தி உட்கார வைத்து, உனக்கு எதன்மேல் எவ்வளவு ஆசை என்று கேட்டால் கையிலிருக்கும் தேநீரை அவள் மேசையில் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஆனால் அது எனக்குச் சம்பளம் தரும் கேள்வி. முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு கேட்டுவிடுவேன்.

பதில்களும் அப்படித்தான். வயதான மலாய்க்காரர் ஒருவர், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், விரலை நாலிலும் வைக்கமாட்டார், ஐந்திலும் வைக்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டு மழை வருமா என்று என்னைக் கேட்பார். சீனர் ஒருவர் எப்போதும் ஐந்துதான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நடுவில் நின்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்றார். மருந்தைக் கூட்டச் சொல்லி வருகிறவர்களின் விரல் தானாக வலது பக்கம் ஓடும். சனி ஞாயிறுக்கு மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களின் விரல் இடது பக்கம் பதுங்கும். இத்தனை வருடத்தில் இந்த விளையாட்டெல்லாம் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

டயர் கடைக்காரர் வந்தபோது அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. கடை அவருடையதல்ல, அங்கே வேலை செய்கிறவர். நாற்பதைத் தாண்டிய பெரிய உருவம், அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த காலத்திலேயே பவுடர் பழகி, பிடிபட்டு, மறுவாழ்வு மையத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி விழுந்து என்று பாதி ஆயுசு போய்விட்டது. பொறுத்துப் பார்த்த மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு மந்தின் ஊரில் தன் அம்மா வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். மெத்தடோன் தொடங்கி, அவர் நிலைத்து நின்று, கடை முதலாளியே போன் போட்டு நல்லபடியாகச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தாள்.

வந்த வாரமே அவரோடு கிளினிக்குக்கும் வந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒல்லியான உடம்பு, நேரான பார்வை.

"மிஸ்ஸி, அவரு எடுத்தா போயிடுவேன்னு நான் சொல்ல வரல. அந்த நெனப்பு ஒரு தடவ வந்துச்சுன்னு தெரிஞ்சாலே போயிடுவேன் லா. இன்னொரு தடவ என்னால முடியாது."

அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். நினைப்பு வரத்தான் செய்யும், வருவதும் எடுப்பதும் ஒன்றல்ல, அதை அளந்து பார்க்கத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காதில் ஏறவில்லை என்று தெரிந்தது. அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வருடக்கணக்கில் ஒவ்வொரு தடவையும் நம்பி ஏமாந்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவருடைய அட்டை எனக்கு ஒரு வேடிக்கையாகிவிட்டது. தனியாக வந்தால் விரல் மூன்றில் நிற்கும், நாலில் நிற்கும், சம்பள நாளில் ஆறுக்கும் போகும். மனைவி கூட வந்தால் ஒன்றைத் தாண்டாது. நான் கண்டும் காணாமல் எழுதிக்கொள்வேன்.

அந்த வருடம் தீமிதிக்கப் போவதாகச் சொன்னார். அவர் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில். தோட்டத்தில் இப்போது தமிழர் யாரும் இல்லை. கித்தா என்கிற ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, குலை வெட்டுகிறவர்களும் வெளிநாட்டுக்காரர்கள். கோயில் மட்டும் அங்கேயே நிற்கிறது. திருவிழாவுக்குச் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார்களில் வந்து இறங்குவார்கள். குடும்பம் திரும்பி வந்ததற்கு அம்மனுக்குச் செய்துகொண்ட வேண்டுதல் அது. பூக்குழியில் இறங்கும்போது உடம்பில் இந்த மருந்து கொஞ்சமாவது குறைவாக இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார்.

எங்கள் டாக்டர் இளவயது மலாய்ப் பெண். பொறுமைசாலி, என்னைப் போல் சட்டென்று பாய்கிறவள் அல்ல. ஏக்கத்தின் அளவு இறங்கி அப்படியே நின்றால் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றாள்.

காப்பு கட்டிய மறுநாள் அவர் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக வந்தார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. அட்டையை வைத்தேன். விரல் நேராக இடது முனைக்குப் போனது.

"கோசோங், மிஸ்ஸி."

மறுநாளும் கோசோங். அதற்கு மறுநாளும் அதே பூஜ்யம். மனைவி கூட வராத நாட்களிலும் அதே. எனக்கு ஒரே சந்தோஷம். நம்மால் முடியாததை அம்மன் முடித்து வைத்துவிட்டாள் என்று டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். டாக்டருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. மருந்தின் அளவைக் குறைத்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தாத்தா தோட்டத்துக் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறி வந்த குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் குடும்பம். ஆபீஸுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயம், அதற்கும் அப்பால் கோயில். மேளச் சத்தம் கேட்கும், மஞ்சள் புடவைகள் போவது தெரியும். அதற்கு மேல் காப்பு, விரதம் பற்றியெல்லாம் எனக்குத் தெரிந்தது கார் ஜன்னலில் பார்த்த அளவுதான். ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் எல்லாம் தெரியும் என்று டாக்டரும் நினைத்தாள், நானும் நினைத்துக்கொண்டேன்.

மருந்து குறைந்த சில நாட்களில் அவர் கொட்டாவி விட ஆரம்பித்தார். கண்ணிலும் மூக்கிலும் நீர் கோத்திருந்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் கையில் மயிர் குத்திட்டு நிற்கும். எப்போதும் பசியாறிவிட்டு ஆடி அசைந்து வருகிற மனிதர், நாங்கள் கேட்டைத் திறக்கும் முன்பே வெளியே நின்றார். கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். விரல் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

மருந்து போதாமல் தவிக்கிறவர்களின் அடையாளம் இதெல்லாம். எனக்குக் கோபம் வந்தது. விரல் ஒரு கதை சொல்கிறது, மூக்கு இன்னொரு கதை சொல்கிறது, நான் எதை எழுதிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்து, "கோசோங் மிஸ்ஸி" என்றார். பழையபடி வெளியே வாங்க ஆரம்பித்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். சிறுநீர்ச் சோதனை செய்தோம். சுத்தமாக இருந்தது. அவர் எதையும் தொடவில்லை. தொடாமல், யாரிடமும் சொல்லாமல், தனியாகக் கிடந்து துடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில் மனைவி தன் பிரஷர் மாத்திரைக்காக வந்தாள். என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்தவளை உட்கார வைத்து, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். விரதச் சூட்டில் காய்ச்சல் போல இருக்கிறது, தூக்கமில்லை, வாசலில் நடந்துகொண்டே இருக்கிறார் என்றாள். சொன்ன குரலில் கவலையைவிடப் பெருமைதான் அதிகம். அவர்கள் குடும்பத்தில் காப்பு கட்டினவர், கயிறு அவிழ்க்கும் வரை எனக்கு இது வேணும் என்று வாயால் கேட்கக் கூடாதாம். சோறும் கேட்கக் கூடாது, தண்ணீரும் கேட்கக் கூடாது. வீட்டில் இருக்கிறவர்கள்தான் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும். போட்டதை வேண்டாம் என்று தள்ளவும் கூடாது.

"நேத்து சாம்பாருக்கு உப்பு போட மறந்துட்டேன் மிஸ்ஸி. அப்படியே சாப்ட்டு எந்திரிச்சிட்டாரு. நான் சாப்புடறப்பதான் தெரிஞ்சிச்சு."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. உனக்கு எவ்வளவு வேணும், விரலை வைத்துக் காட்டு என்றுதானே நான் தினமும் காலையில் அந்த மனிதரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், எதிரே சிரித்துக்கொண்டிருந்த இவள் வைத்த நிபந்தனை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அவருக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் ஏது? இவளிடம் இதை அவிழ்த்துக் காட்டுவது என் வேலை அல்ல என்பதால் மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு கொஞ்ச நேரம் அட்டையைப் பார்க்கவே பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவள் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். ரமலான் புவாசா மாதத்தில் நோன்பு இருக்கிறவர்களுக்காக மருந்து கொடுக்கும் நேரத்தையே மாற்றுகிறோம், நோன்பு திறந்த பிறகு வரச் சொல்கிறோம், உங்கள் ஆட்களின் நோன்பு என்ன, அதில் எது கூடும் எது கூடாது என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்றாள். உங்கள் ஆட்கள் என்று அவள் என்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது, கூடவே கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பழைய அளவுக்கே கொண்டுபோகலாம், ஆனால் நோயாளி சம்மதிக்காமல் கூட்ட முடியாது, அவரோ கேட்கமாட்டார் என்றாள். அவர் கேட்க வேண்டாம், நாம் போடுவோம், வேண்டாம் என்று நினைத்தால் கப்பை எடுக்காமல் போகட்டும் என்றேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றாள்.

மறுநாள் காலை அட்டையை மேசை மேல் வைக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல விரலைத் தயாராக நீட்டிவிட்டு, கோடு இல்லாததைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார்.

"தம்பி, இன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் பாத்துட்டேன், டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. கப்புல பழைய அளவு இருக்கும். குடிக்க மனசில்லன்னா எடுக்காம போங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெரிய உருவம் அப்படியே தளர்ந்து நாற்காலிக்குள் இறங்கியது. கண்ணில் இருந்த நீர் இந்தத் தடவை கன்னத்தில் வழிந்தது. எழுந்து போய், ஜன்னலில் கப்பை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு என் மேசை இருந்த பக்கம் திரும்பி, நெஞ்சில் கையை வைத்துவிட்டுப் போனார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

கயிறு அவிழ்க்கும் வரை நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வருகிற நேரத்தைப் பார்த்தேன். கையின் தோலைப் பார்த்தேன். கப்பை ஒரு கையால் பிடிக்கிறாரா, இரண்டு கையாலா என்று பார்த்தேன். டாக்டர் அதை அவர் சொன்னதாக எழுதாமல் நான் பார்த்ததாக எழுதினாள். இத்தனை வருடத்தில் அந்த மேசையில் ஒரு மனிதரை அவ்வளவு நேரம் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்கு மட்டும் ஏன் அட்டை இல்லை என்று பாக்சிக் பிராது வைத்தார். உங்களுக்கும் வேண்டாமென்றால் மழைக் கதையை விட்டுவிடுங்கள் என்றேன். கொஞ்ச நாளில் டயர் கடைக்காரர் மறுபடி பசியாறிவிட்டு, எல்லாருக்கும் பின்னால், ஆடி அசைந்து வந்தார். அவருடைய தாமதம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

திருவிழாவுக்குப் போனேன். கிராணி வீட்டுப் பேத்தி, முதல் தடவையாக ஒரு தோட்டத்துக் கோயில் பக்கம். செம்பனை மரங்களுக்கு நடுவில் மண் சாலை முழுக்கக் கார்கள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஓர் அம்மாள் அதைப் பிடுங்கி ஒரு மரத்தடியில் போட்டுவிட்டு, என் கையில் மோர் கொடுத்தாள். உறுமி மேளம் நெஞ்சுக்குள் அடித்தது.

டயர் கடைக்காரர் பூக்குழியில் ஓடவில்லை. முன்னால் போனவர்கள் எல்லாரும் தாவி ஓடினார்கள், அவர் நடந்தார். மறுமுனையில் மனைவி பித்தளைக் குடத்தோடு காத்திருந்தாள். அவர் ஏறி வந்ததும் குனிந்து அவர் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அழுகையும் சிரிப்புமாக அவள் முகம் என்னென்னவோ ஆனது. நான் தூரத்தில் நின்றபடி, யாருக்கும் தெரியாதவள் என்ற தைரியத்தில் நன்றாக அழுதேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திருவிழா முடிந்த வாரம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர் மணிக்கட்டில் கயிறு இல்லை. அவள் ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தாள். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில் அட்டையை எடுத்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருப்பது அப்புறம்தான் உறைத்தது. இவர் ஒன்றில் விரலை வைக்கப் போகிறார், நான் அதை எழுதப் போகிறேன், பழைய நாடகம் மறுபடி தொடங்கப் போகிறது. அவளை வெளியே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்ல வாயெடுத்தேன்.

"இருக்கட்டும் மிஸ்ஸி," என்றார் அவர். "அவ இருக்கட்டும்."

விரலைக் கோட்டின் நடுவில் வைத்தார். அங்கிருந்து மெதுவாக வலது பக்கம் நகர்த்தினார். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் தாண்டிப் போய், கோடு முடிகிற இடத்தில் நிறுத்தினார். நான் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவள் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

எப்போது வந்தது என்று கேட்டேன். பூக்குழியில் இறங்கும்போதா என்றேன்.

"எறங்கறப்ப ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி. ஏறி வந்தப்புறம், இவ காலுக்குத் தண்ணி ஊத்துனா பாருங்க, அப்பத்தான். சந்தோஷம் தாங்க முடியல. எனக்குச் சந்தோஷம் வந்தா அத வச்சிக்கிட்டு என்ன செய்யறதுன்னு அந்த ஒண்ணுதான் தெரியும். சின்ன வயசுலேருந்து அது ஒண்ணுதான் செஞ்சிருக்கேன்."

எங்கேயும் போகவில்லையாம். கோயிலுக்குப் பின்னால் போய், கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

என் வாயில் வார்த்தைகள் தயாராக இருந்தன. நினைப்பும் எடுப்பதும் ஒன்றல்ல என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயாரானேன். அவள் கையை நீட்டி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் இருந்தது என்று அவரிடம் கேட்டாள். சாப்பாடு போடுகிற வரைக்கும் என்றார். நான் அங்கேதானே இருந்தேன், என்னை ஏன் கூப்பிடவில்லை என்றாள்.

பிறகு அவள் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"பத்து வந்தா என்ன செய்யணும் மிஸ்ஸி? எனக்குச் சொல்லிக் குடுங்க. வீட்டுல அவர்கூட நான்தானே இருக்கேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் சொல்லப் போவதைக் கேட்கக் காத்திருந்தாள்.